லாரி வேலை போய்விட்டதா? அடுத்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் முன்

ஓனர் வண்டியை விற்றிருப்பார், டியூ கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கியிருப்பார்கள், டீசல் கணக்கில் தகராறு வந்திருக்கும், இல்லையென்றால் ஒரு விபத்து. காரணம் எதுவானாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி தூக்கம் வராது. விடிந்ததும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு "எங்கயாவது வண்டி இருக்கா" என்று கேட்கத் தோன்றும். இரண்டு நாள் பொறுங்கள், அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை பழைய இடத்தில் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு ஊர் வந்து சேர்ந்தபோது, நான் ஓட்டிய வண்டிக்கு விலை பேசி முடித்திருந்தார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்தில் கணக்குக்கூடப் பார்க்காமல் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்து வேலை கேட்டுப் போன இரண்டு இடத்திலும் பழைய ஆபீசுக்குப் போன் போயிருக்கிறது, "கணக்கு முடிக்காம போனவன்" என்று பதில் வந்திருக்கிறது. லாரித் தொழிலில் உங்கள் அனுபவச் சான்றிதழ் என்பது கடைசி ஓனர் போனில் சொல்லும் அந்த ஒரு வரிதான். அதனால் எவ்வளவு வருத்தம் இருந்தாலும் ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து ட்ரிப் கணக்கை முடித்துவிட்டு வாருங்கள்: வாங்கிய அட்வான்ஸ், போட்ட டீசல், ஏற்று இறக்குக் கூலி, வழியில் கட்டிய அபராதம், வர வேண்டிய பேட்டா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து போட்டால் பின்னால் பேச்சுக்கு இடமில்லை. அசல் லைசென்ஸை ஆபீசில் வாங்கி வைத்திருந்தால் அதையும் கையோடு வாங்குங்கள். அது உங்கள் ஆவணம், கணக்கு பாக்கி என்று சொல்லிப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. பாக்கி பெரிய தொகையாக இருந்து, கேட்டும் தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனங்களுக்கு 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பி.எஃப். பிடித்திருந்தால் வெளியேறிய தேதியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்கள் செய்யாவிட்டால் 2 மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதிவு செய்யலாம்.

அடுத்தது லைசென்ஸ். எடுத்துத் தேதியைப் பாருங்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும், ஆனால் முன்பு இருந்த 30 நாள் சலுகை போய்விட்டது. தேதி முடிந்த மறுநாள் வண்டி எடுத்தாலே தப்பு. முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்டச் சொல்வார்கள். வேலையில் இருக்கும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக நேரமே கிடைக்காது, இப்போது கிடைத்திருக்கிறது. மருத்துவச் சான்றிதழுக்குப் போகும்போது கண்ணை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டுகிற அண்ணன்மார் எத்தனையோ பேர், ஒரு கண்ணாடி போட்டால் தீர்கிற விஷயம் அது. விபத்தில் லைசென்ஸை இடைநிறுத்தி உத்தரவு வந்திருந்தால் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம், அதைத் தவற விடாதீர்கள்.

எங்கே தேடுவது? ஆப், வாட்ஸப் குழு எல்லாம் இருக்கட்டும், டிரைவர் இல்லாமல் எந்த வண்டி நிற்கிறது என்று முதலில் தெரிவது பட்டறைக்காரருக்கும் டயர் கடைக்காரருக்கும்தான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்கள் நீங்கள் வழக்கமாக வண்டியை வேலைக்கு விடும் மெக்கானிக்கிடம் முதலில் சொல்லுங்கள். அவர் ஓனரிடம் "நல்லா வண்டியைப் பாத்துக்குவான்" என்று சொன்னால் அதற்கு மேல் சிபாரிசு வேண்டாம். அப்புறம் லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ், எடை மேடை, வழக்கமாக டீசல் போட்ட பங்க். போகும்போது வெறுமனே "வேலை இருக்கா" என்று கேட்காதீர்கள். வாட்ஸப்பில் போட்டாலும் நேரில் சொன்னாலும் இப்படி முழுதாக இருக்க வேண்டும்: "ஹெவி லைசென்ஸ், இன்னும் 4 வருடம் இருக்கு. 12 வீல், 14 வீல் ஓட்டியிருக்கேன். மகாராஷ்டிரா, குஜராத் லைன் பழக்கம், இந்தி பேசுவேன். பி.எஸ்.6 வண்டி 3 வருஷம்." இதைக் கேட்டதும் ஓனருக்கு எந்த வண்டியில் உங்களை ஏற்றலாம் என்று கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். லைசென்ஸ், ஆதார் போட்டோவைக் குழுக்களில் போடாதீர்கள். வேலைக்குப் பதிவுக் கட்டணம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

பழைய வண்டியிலேயே காலம் ஓட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியெல்லாம் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தவை. பெரிய வண்டிகளில் டீசலோடு, புகையைச் சுத்தம் செய்யும் ஆட் புளூ திரவமும் தனியாக ஊற்ற வேண்டும், அது தீர்ந்தாலோ கலப்படமாக இருந்தாலோ என்ஜின் இழுவை குறைந்து நடு ரோட்டில் நிறுத்திவிடும். டேஷ்போர்டு விளக்குகளுக்கு அர்த்தம் தெரியாதவரை நம்பிப் புது வண்டியைக் கொடுக்க ஓனர்கள் தயங்குகிறார்கள். தெரிந்த டிரைவரோடு இரண்டு ட்ரிப் பக்கத்து சீட்டில் போனாலே பிடிபட்டுவிடும்.

ஒரே லைனில் ஓட்டியவர்கள் வேறு லைனையும் யோசிக்கலாம். கேஸ் டேங்கருக்கும் பெட்ரோல் டேங்கருக்கும் அபாயகரமான சரக்குப் பயிற்சி முடித்து லைசென்ஸில் ஏற்ற வேண்டும், அது 3 வருடம் செல்லும், புதுப்பிக்கும்போது ஒரு நாள் பயிற்சி உண்டு. சோம்பல்படாமல் அதை எடுத்து வைத்தவர்களுக்கு வேலை தேடும் நாட்கள் குறைவு என்பது நான் கண்ணால் பார்த்தது. அரியலூர் பக்கம் சிமெண்டை மூட்டையில்லாமல் டேங்கில் ஏற்றும் பல்கர் வண்டி உண்டு. சென்னை, எண்ணூர், தூத்துக்குடியில் கண்டெய்னர் டிரெய்லர், அதில் ஓட்டுவதைவிடத் துறைமுக வாசலில் வரிசையில் காத்திருப்பதுதான் அதிகம், பொறுமை உள்ளவர்களுக்குச் சரி. திருச்செங்கோடு ரிக் வண்டிகளில், அதாவது போர்வெல் போடும் வண்டிகளில், போனால் மாதக்கணக்கில் வீடு கிடையாது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். பெரிய வண்டி கிடைக்கும்வரை ஆள் வராத நாளுக்கு மட்டும் ஓட்டும் ஆக்டிங் டிரைவராகப் போவதில் ஒரு குறைவும் இல்லை, வீட்டில் அரிசி வேக வேண்டும். இலகு ரக லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கும் தம்பிகள் மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏன் நின்றீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். விபத்து என்றால் எந்த இடம், எப்படி நடந்தது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு, மறைத்து ஏறிப் பத்து நாளில் தெரிந்தால் வண்டியோடு பெயரும் போகும். குடியால் போன வேலை என்றால் வண்டி தேடுவதற்கு முன்னால் அதற்கு மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

அவர்கள் நம்மைக் கேட்பதுபோல நாமும் கேட்க வேண்டும். மாதச் சம்பளமா, ட்ரிப்புக்கு இவ்வளவா, வாடகையில் சதவீதமா? லோடு கிடைக்காமல் ஊர் விட்டு ஊரில் நிற்கும் நாட்களுக்கு பேட்டா உண்டா? மைலேஜ் எவ்வளவு எதிர்பார்க்கிறார், அது எந்த லோடுக்கு? நீண்ட ட்ரிப்புக்கு இரண்டாவது டிரைவர் வருவாரா? ஓவர்லோடு ஏற்றுவாரா என்று தயங்காமல் கேளுங்கள். 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, இது யார் தலையில் விழும் என்பதை ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். அப்புறம் வண்டி நம்பரை எம்-பரிவாகன் ஆப்பில் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் தேதி பாருங்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் விபத்தானால் நஷ்ட ஈட்டுக்கு ஓனரோடு உங்களையும் சேர்த்துத்தான் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். வண்டியைச் சுற்றி நடந்து டயர், பிரேக், ஸ்டீயரிங் ஆட்டம் பார்த்துவிட்டு, முடிந்தால் ஒரு ட்ரிப் மட்டும் போய்விட்டுச் சொல்கிறேன் என்று பேசுங்கள். நல்ல ஓனர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

வெளிநாடு போகலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு: மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே முதலில் விசாரியுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கினால் வேலை என்று சொன்னால் போகவே போகாதீர்கள்.

இந்த இடைவெளியில் இன்னொரு வேலையும் முடியும். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் உறுப்பினர் இல்லையென்றால் பதிந்துவிடுங்கள், 18 முதல் 60 வயதுவரை சேரலாம், பிள்ளைகள் படிப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு. அப்புறம் புது வண்டி கிடைத்துக் கிளம்பும் அன்று கிலோமீட்டர் ரீடிங், டயர்கள், முன்பே இருக்கும் ஒடுக்கு கீறல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அங்கேயே ஓனருக்கு அனுப்புங்கள். வண்டி நம்பரையும் ஓனர் போன் நம்பரையும் வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.