பழைய மஸ்டாங்குக்கு வேறு காரின் டிஸ்க் பிரேக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1965, 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கார்களில் பெரும்பாலானவை நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடனேயே (சுழலும் உருளையின் உட்புறத்தை ஷூக்கள் அழுத்தி நிறுத்தும் வகை) தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. சுழலும் தட்டை இருபுறமும் பேட்கள் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக், முன்சக்கரங்களுக்குக் கூடுதல் விலைக்குத்தான் கிடைத்தது. இக்குறையைக் குறைந்த செலவில் தீர்க்க, 1975 முதல் 1980 வரை விற்பனையான ஃபோர்டு கிரானடாவின் முன் ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சுப் பாகம்), ரோட்டர் (சுழலும் தட்டு), கேலிபர் (பேட்டைத் தாங்கி அழுத்தும் பாகம்) ஆகியவற்றைக் காயலான் கடையில் கழற்றி வந்து மஸ்டாங்கில் பூட்டுவது அமெரிக்க ஆர்வலர்களிடம் நெடுநாளைய வழக்கம். ஐந்து போல்ட் கொண்ட வி8 மஸ்டாங்கைப் போலவே கிரானடாவுக்கும் போல்ட் வட்டம் (சக்கர போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 4.5 அங்குலம் என்பதாலும், ஸ்பிண்டில் பெரிய வெட்டு வேலை இல்லாமல் பொருந்திவிடுவதாலும், ஒரு விடுமுறை நாளிலேயே வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் பாகம் எளிதாகப் பொருந்திவிடுவதால், அதற்குப் பின்னால் மாற்றியாக வேண்டியவற்றைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அவற்றுள் முதலாவது, பெடல் மிதியைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர். டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே ஷூவை இழுத்துத் தன்மேல் மேலும் அழுத்திக்கொள்வதால், குறைந்த திரவ அழுத்தமே போதுமானது. டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. பேட் ரோட்டரைப் பிடிக்கும் விசை முழுவதும் திரவ அழுத்தத்திலிருந்தே வர வேண்டும். எனவே பழைய சிலிண்டரை வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் மாட்டினால், பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கத் தயங்கும். இதற்குப் பெரிய துளையுள்ள சிலிண்டரைத் தேடுவது இன்னொரு தவறு. ஒரே மிதிக்கு, துளை சிறிதாக இருந்தால்தான் அழுத்தம் கூடும்: 1 அங்குலத் துளையை 7/8 அங்குலமாக்கினால் அழுத்தம் சுமார் 30 விழுக்காடு உயரும், பெடலின் ஓட்டமும் அதே அளவு நீளும். அந்த ஓட்டத்துக்குப் பெடலில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்தே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வெளிவழியில், சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறு வால்வு ஒன்று இருப்பதுண்டு. அது டிஸ்க் செல்லும் குழாயில் இருந்தால் பேட் ரோட்டரை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சில மைல் ஓட்டத்திலேயே சக்கரம் சூடேறும். மேலும், 1966 வரையிலான மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். ஃபோர்டே 1967இல் இரட்டை அறைக்கு மாறிவிட்டது. இவ்வளவு வேலையையும் செய்துவிட்டு ஒற்றை அறையை வைத்துக்கொள்வதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

பின்சக்கரங்களைப் பற்றி யோசிக்காமல் விடுவது இதைவிட ஆபத்தானது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் பின்பகுதி லேசாகிவிடும். டிஸ்க்குக்காக உயர்த்திய அழுத்தம் குறையாமல் பின் டிரம்முக்கும் சென்றால் பின்சக்கரங்கள் முதலில் சுழலாமல் பூட்டிக்கொண்டு கார் சுழலக்கூடும். பின் குழாயில் மட்டும் திருகி அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வை வைத்து, ஆளில்லாத நேரான இடத்தில், முதலில் குறைந்த வேகத்தில், முன்சக்கரம் சற்று முன்னதாகப் பூட்டும்வரை சரிசெய்வதே முறை.

ஸ்டீயரிங் பக்கம் வந்தால், கிரானடா ஸ்பிண்டிலில், சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடின் முனை நுழையும் கூம்புத் துளை 1965, 1966 மஸ்டாங்கின் முனைக்குப் பெரியது. முனையை எப்படியாவது இறுக்கிவிடலாம் என்று நினைப்பது உயிரோடு விளையாடுவது. அளவுக்கேற்ற முனையோ அதற்கென்றே செய்த அடாப்டரோதான் வேண்டும். ஸ்டீயரிங் ஆர்மின் வடிவமும் வேறானதால், மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும் குணம் அதிகரிக்கலாம். வீல் அலைன்மென்ட் பார்த்தால் மட்டும் இது தீராது. சஸ்பென்ஷனை மேலும் கீழுமாக நகர்த்தி, சக்கரம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

டிரம்முக்காக வந்த 14 அங்குல இரும்புச் சக்கரம் கேலிபரில் இடிக்கக்கூடும் என்பதால், புதிய சக்கரம் வாங்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்ப்பது நல்லது. இடது, வலது கேலிபர்கள் மாறிவிட்டால் ஏர் எடுக்கும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கி, எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும். இந்நிலையில் நல்ல மாஸ்டர் சிலிண்டரைக் குறைசொல்லிக் கழற்றியவர்கள் உண்டு. பிரேக் குழாயைச் செம்பில் வளைப்பதும், தண்ணீர்க் குழாய்க்கான இணைப்புகளால் ஒட்டுப்போடுவதும் கூடவே கூடாது. இரட்டை மடிப்பு முனையுள்ள எஃகுக் குழாயே வேண்டும். டாட் 3 வகை பிரேக் திரவம் இருந்த இடத்தில் சிலிக்கோன் வகையான டாட் 5ஐ ஊற்றினால் இரண்டும் கலக்காது. டாட் 5.1 என்பது பெயரில் நெருங்கியிருந்தாலும் டாட் 3ஐப் போன்ற கிளைக்கால் வகையே.