பன்னிரண்டு அங்குலத் தட்டு: டீப் ஹவுஸ், டெக்னோ இசையை வைனிலில் வெளியிடும் முறை

மின்னணு நடன இசை வகைகளான டீப் ஹவுஸ் அல்லது டெக்னோவில் டிராக் (பாடல்) ஒன்றை இணையத்தில் வெளியிட ஒரு கோப்பு இருந்தால் போதும். அதையே வைனில் தட்டாக வெளியிட வேண்டுமென்றால், அந்த ஒலி முழுவதும் ஊசி ஓடும் ஒரு பள்ளத்துக்குள் அடங்கியாக வேண்டும். தட்டு மங்கலாக ஒலித்தாலோ ஊசி தாவினாலோ அச்சிட்டவர்கள் மீது பழி போடுவது நம் வழக்கம். என் அனுபவத்தில், அந்தக் குறைகளில் பெரும்பாலானவை மிக்ஸ் செய்யும்போதே (ஒலிகளை ஒன்றுசேர்த்து அளவு படுத்தும்போதே), அதற்கும் முன்னால் எந்த டிராக்கை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்யும்போதே தொடங்கிவிடுகின்றன. ஆகையால் வெளியீட்டு வேலையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் நிமிடங்களைக் கணக்கிடுங்கள். ஒலி உரக்கவும் பேஸ் (தாழ்ந்த ஒலி) கனமாகவும் இருக்க இருக்கப் பள்ளம் அகலமாக வளைந்து அதிக இடம் எடுத்துக்கொள்ளும். தட்டின் பரப்போ மாறாதது. எனவே ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடினால் ஒலியளவு குறைந்தே தீரும். 12 அங்குலத் தட்டில், 45 வேகத்தில் (நிமிடத்துக்கு 45 சுற்று) ஒரு பக்கத்துக்கு 9 அல்லது 10 நிமிடம், 33 வேகத்தில் (துல்லியமாக 33⅓ சுற்று) 12 முதல் 14 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் நடன அரங்குக்கு வேண்டிய உரப்பு கிடைக்கும். பக்கத்துக்கு ஒரு டிராக், 45 வேகம் என்பதே என் பரிந்துரை. நான்கு டிராக்குகளை வெளியிட்டே ஆக வேண்டுமென்றால், தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் கிக் (அடித்தாள டிரம்) மட்டும் ஓடும் பகுதிகளைச் சுருக்குங்கள். ஆனாலும் டிஜே கலப்பதற்குக் குறைந்தது 16 பாராவது (ஒரு பார் என்பது நான்கு அடிகள்) விட்டுவையுங்கள்.

அடுத்தது வரிசை. தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கிப் போகப் போகக் குறைகிறது: 33 வேகத்தில் வெளி ஓரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர், மையத்துக்கு அருகில் 21 சென்டிமீட்டர் மட்டுமே. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால் உயர் அதிர்வெண்கள் அங்கே சிதைகின்றன. கூர்மையான ஹை-ஹேட் (டிரம்மின் சிறு தாளத்தட்டு), குரல் துணுக்குகள் கொண்ட டிராக் எப்போதும் வெளி ஓரத்தில் வர வேண்டும். மென்மையான பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணிச் சுரங்கள்), டப் பாணி எதிரொலிகள் கொண்டது உள்ளே போகலாம்.

இனி பேஸ். இடம் வலம் இரண்டிலும் ஒன்றாக ஒலிக்கும் ஒலி ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கிறது. இரண்டுக்கும் இடையே வேறுபடும் ஒலி அதை மேலும் கீழும் அசைக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் இந்த மேல்கீழ் அசைவு பெரிதானால் பள்ளத்தின் ஆழம் ஓரிடத்தில் கூடும், மற்றோரிடத்தில் காணாமலே போகும். என் முதல் தட்டில் பேஸ் ஒலிக்கு ஒரு கோரஸ் எஃபெக்ட் போட்டு அகலப்படுத்தியிருந்தேன். ஹெட்ஃபோனில் கேட்கும்போது அது அருமையாக இருந்தது. மொத்தமாக அச்சிடுவதற்கு முன் வரும் சோதனைத் தட்டில், கிக் திரும்ப நுழையும் அதே இடத்தில் ஊசி ஒவ்வொரு முறையும் எகிறி அடுத்த வரிக்குப் போனது. கோரஸை எடுத்துவிட்டு, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அனைத்தையும் மோனோவாக்கி (இடம் வலம் இரண்டிலும் ஒரே ஒலியாக்கி), பள்ளத்தை மீண்டும் வெட்டக் கொடுத்தேன். காசும் காலமும் இரட்டிப்பாகச் செலவாயின. கோப்பை அனுப்புவதற்கு முன் மிக்ஸ் முழுவதையும் ஒருமுறை மோனோவில் கேளுங்கள். பேஸ் அப்போது மெலிந்துபோனால் அதை வெட்டக் கொடுக்காதீர்கள்.

ஹை-ஹேட் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டு வெட்டும்போது, வைனிலுக்கான பொது ஒலிச் சீரமைப்பு விதியான ஆர்ஐஏஏ வளைவின்படி தாழ்ந்த ஒலிகள் குறைக்கப்பட்டு உயர்ந்த ஒலிகள் கூட்டப்படுகின்றன. 20 கிலோஹெர்ட்ஸில் இந்தக் கூட்டல் ஏறத்தாழ 20 டெசிபல். நாம் ஏற்கெனவே பளிச்சென்று வைத்த ஹை-ஹேட் வெட்டும் கருவிக்கு எவ்வளவு பெரும் சுமையாகும் என்பதை இதிலிருந்தே உணரலாம். இணையத்துக்கென்று லிமிட்டரால் (உச்ச ஒலிகளைக் கட்டுப்படுத்தி உரப்பைக் கூட்டும் கருவியால்) நசுக்கிய கோப்பை அனுப்பாதீர்கள். லிமிட்டர் இல்லாத, உச்ச அளவு பூஜ்யத்துக்குச் சில டெசிபல் கீழே நிற்கும் 24 பிட் வேவ் கோப்பைத் தனியாக எடுத்துக் கொடுங்கள்.

வெட்டும் பொறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். டெட்ராய்ட் டெக்னோவின் தொடக்ககாலத் தட்டுகள் பலவற்றை வெட்டிய ரான் மர்ஃபி, இந்த இசையைப் படைத்தவர்களில் ஒருவராகவே மதிக்கப்படுகிறார். பெர்லினில் பேசிக் சேனல் என்ற டெக்னோ இரட்டையர் 1995இல் டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் என்ற கூடத்தைத் தொடங்கியதும், வெட்டுதல் இசையின் ஒரு பகுதி என்பதை அறிந்ததால்தான் என்று நான் நம்புகிறேன். அலுமினியத்தின் மேல் பூசிய லாக்கரில் வெட்டுவதா, நேரடியாகச் செம்பில் வெட்டும் டிஎம்எம் முறையா என்று பொறியாளரிடம் கேளுங்கள். கனமான பேஸுக்கு லாக்கரைப் பலர் விரும்புகிறார்கள்.

விருப்பமிருந்தால் பக்கத்தின் முடிவில் ஒரு பூட்டிய பள்ளம் வைக்கலாம். ஊசி அதே வட்டத்தில் முடிவின்றிச் சுழலும். 33 வேகத்தில் ஒரு சுற்றுக்குச் சரியாக 1.8 நொடி ஆவதால், அதில் நான்கு அடிகள் பொருந்த வேண்டுமென்றால் லூப்பின் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டின்) வேகம் 133.33 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடிகள்) ஆக இருந்தே தீர வேண்டும். 122 பிபிஎம்மில் செய்த டீப் ஹவுஸ் லூப் ஒவ்வொரு சுற்றிலும் இடறும். அதை 133.33இல் செய்துவிட்டால், டிஜே தட்டின் சுழல் வேகத்தை (பிட்ச்) 8 விழுக்காடு குறைத்து 122.67க்குக் கொண்டுவந்துகொள்வார்.

லாக்கரிலிருந்து மின்முலாம் வழியே நிக்கல் அச்சு எடுக்கப்பட்ட பிறகு, வழக்கமாக ஐந்து சோதனைத் தட்டுகள் வந்துசேரும். பலர் ஒன்றை மட்டும் ஒருமுறை ஓடவிட்டுச் சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். இது பெரும் தவறு. குறைந்தது மூன்று தட்டுகளையாவது முதலிலிருந்து கடைசி வரை, முதலில் ஹெட்ஃபோனில், பிறகு பெரிய ஒலிபெருக்கியில் கேளுங்கள். சொடக்குச் சத்தம் கேட்டால் அதன் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தட்டிலும் அதே இடத்தில் கேட்டால் குறை அச்சில் அல்லது வெட்டில் இருக்கிறது, உடனே தெரிவிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கேட்டால் அது தூசியாகவோ அந்த ஒரு தட்டின் குறையாகவோ இருக்கலாம், கழுவிவிட்டு மறுபடி கேளுங்கள். நீண்ட பேட் ஒலி மெல்ல ஏறி இறங்கி அலைந்தால் நடுத்துளை மையம் விலகியிருக்கக்கூடும். இரு பக்கங்களும் மாறியிருக்கின்றனவா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

மற்ற வேலைகளை இதற்கிடையில் முடித்துவிடலாம்: பட்டியல் எண், ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி அடையாளக் குறியீடு, சாம்பிள்களுக்கான (பிறர் பதிவிலிருந்து எடுத்த துணுக்குகளுக்கான) அனுமதி, கூட்டாளியுடன் எழுத்தில் ஒப்பந்தம். எத்தனை பிரதிகள் என்பதை விநியோகஸ்தரிடம் பேசிய பிறகு முடிவு செய்யுங்கள். முதல் தட்டுக்கு 300 போதும், விற்றுத் தீர்ந்தால் அதே அச்சைக் கொண்டு மறுபடி அடிக்கலாம். வெளியீட்டுத் தேதியை மட்டும் சோதனைத் தட்டுக்குச் சம்மதம் சொல்லும்வரை யாருக்கும் அறிவிக்காதீர்கள். ஒரு பக்கத்தை மீண்டும் வெட்ட வேண்டி வந்தாலே பல வாரங்கள் தள்ளிப்போகும்.