ஃபோகஸ் டைமர் ஆப் எழுதும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

படிக்கும்போதே சொந்தமாக ஓர் ஆப் எழுதிப் பார்க்க நினைப்பவர்களில் பலர் கை வைப்பது, எவ்வளவு நேரம் கவனமாகப் படித்தோம் என்று கணக்கு வைக்கும் ஃபோகஸ் டைமரில்தான். நல்ல தேர்வு, ஏனென்றால் அதை முதலில் பயன்படுத்தப்போவதே நீங்கள்தான், குறை இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் அது காட்டும் நேரத்தை ஆள் நம்ப வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தவரிடம் நாற்பது நிமிடம் என்று காட்டினால் அவர் மறுநாள் திறக்கமாட்டார், தீம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அந்த நம்பிக்கை முதலில் உடைவது விநாடிக்கு ஒருமுறை ஒரு வேரியபிளில் ஒன்று கூட்டிக்கொண்டே போகும் கோடில்தான். கம்ப்யூட்டரில் போன் போலவே ஓடும் எமுலேட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்வரை அது பிரமாதமாக ஓடும். நிஜ போனில் 10:00 மணிக்கு ஆரம்பித்து, 10:02க்கு ஸ்கிரீனை அணைத்துவிட்டு, 10:50க்குத் திறந்து பாருங்கள், இரண்டு மூன்று நிமிடத்திலேயே நின்றிருந்தாலும் ஆச்சரியமில்லை. பின்னணிக்குப் போன ஆப்பை ஐஓஎஸ் சீக்கிரமே நிறுத்திவைத்துவிடும், ஆண்ட்ராய்டில் 6.0 முதல், சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் டோஸ் இருக்கிறது, குரோமோ 2021இல் வந்த 88ஆம் பதிப்பிலிருந்து வெகுநேரம் மறைந்து கிடக்கும் டேபின் டைமரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடவிடுகிறது. எல்லாம் பேட்டரிக்காக, இதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

அதனால் எண்ணவே எண்ணாதீர்கள். ஆரம்பித்த நேரத்தை மட்டும் எழுதிவைத்து, திரையில் காட்டும்போதெல்லாம் இப்போதைய நேரத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்திய உடனேயே அது டேட்டாபேஸுக்குப் போய்விட வேண்டும், முடித்த பிறகு சேமிக்கலாம் என்று விட்டால், நடுவில் ஆப் க்ராஷ் ஆகும்போது மொத்த செஷனும் போச்சு. முடிவில் அடிக்க வேண்டிய மணியையும் ஆரம்பத்திலேயே லோக்கல் நோட்டிஃபிகேஷனாக (போனே குறித்த நேரத்தில் காட்டும் அறிவிப்பு) ஷெட்யூல் செய்துவிடுங்கள், ஆண்ட்ராய்டு 13 முதல் அதற்குப் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

போனின் கடிகாரத்தையே யாராவது மாற்றிவைத்தால்? ஆண்ட்ராய்டில் எலாப்ஸ்டுரியல்டைம் என்று ஒன்று இருக்கிறது, போன் பூட் ஆனதிலிருந்து தூக்கத்தையும் சேர்த்துக் கணக்கு வைக்கும். அப்டைம்மில்லிஸ் என்ற இன்னொன்று போனின் ஆழ்ந்த தூக்கத்தில் நின்றுவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் முதலாவதும் சுழியத்துக்கு வந்துவிடும், ஆகவே சாதாரண நேரத்தையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் நள்ளிரவு. 11:40க்கு ஆரம்பித்து 12:30க்கு முடித்த செஷன் எந்த நாளின் கணக்கு? அங்கேயே இரண்டாக வெட்டலாம், ஆரம்பித்த நாளில் போடலாம், எதுவானாலும் முதலிலேயே முடிவு செய்யுங்கள், பின்னால் மாற்றினால் பழைய வரைபடமெல்லாம் மாறும். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்து டைம்ஸோனைத் தனியாகக் குறித்துவையுங்கள். 24 மணி நேரத்தைக் கூட்டினால் மறுநாள் என்று எழுதுவதும் தப்பு, கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25.

நிறுத்த மறந்து தூங்கிப்போனவருக்கு ஒன்பது மணி நேரப் படிப்பு என்று எழுதுவது கொடுமை. திரும்பி வரும்போது எப்போது நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள், திருத்தவும் விடுங்கள். திருத்தவிட்டால் ஏமாற்றுவார்கள் என்று பயப்பட வேண்டாம், அது அவருடைய கணக்கு. ஸ்ட்ரீக், அதாவது விடாமல் படித்த நாட்களின் எண்ணிக்கை, வைப்பதிலும் கவனம் தேவை. காய்ச்சலில் ஒருநாள் படுத்தவரின் இரண்டு மாத உழைப்பைச் சுழியமாகக் காட்டினால் அவர் ஆப்பையே தூக்கிவிடுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

25 நிமிடத்தைக் கோடிலேயே மாற்ற முடியாதபடி எழுதிவிடாதீர்கள். 25 நிமிட வேலை, பிறகு சிறு இடைவேளை என்று போகும் பொமோடோரோ முறை பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் மாணவராக இருந்தபோது தனக்காகக் கண்டுபிடித்தது, கோடிங் செய்பவருக்கு 50 நிமிடம் வேண்டியிருக்கலாம். பொமோடோரோ என்ற பெயர் பதிவு செய்த வணிகக்குறி, ஆப்பின் பெயரில் ஒட்டாமல் இருப்பது நல்லது.

லாகின், நண்பர்கள் பட்டியல், லீடர்போர்டு எல்லாம் முதல் பதிப்புக்குத் தேவையே இல்லை. கூகுள் ப்ளேயில் புதிதாகத் தனிநபர் கணக்கு திறப்பவர்கள் ஆப்பை வெளியிடும் முன் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது) நடத்த வேண்டும். வெறுமனே இன்ஸ்டால் செய்யச் சொல்லி அந்த நாட்களை வீணாக்காதீர்கள். டைமர் ஓடும்போதே போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், பேட்டரி சேவரைப் போடச் சொல்லுங்கள், டைம்ஸோனை மாற்றச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் ஆப் காட்டிய நிமிடத்தைச் சுவர்க்கடிகாரத்தோடு சேர்த்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.