குழந்தைகளுக்கு விளையாட்டாகவே பியானோ தியரி: முதல்முறை சொல்லித்தருபவர்களுக்கு

ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மியூசிக் தியரியை விளையாட்டாகச் சொல்லித்தரலாம். ஆனால் எல்லா விளையாட்டும் பாடம் ஆகிவிடாது. பகடையை உருட்டி, காயை நகர்த்தி, நடுநடுவே ஒரு சுரத்தின் பெயரைச் சொல்ல வைத்தால் குழந்தைக்குக் காய் எங்கே நிற்கிறது என்பதுதான் நினைவிருக்கும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பாடம் தெரியாமல் இந்த விளையாட்டில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த விளையாட்டை விட்டுவிடுவேன்.

ஒரு பகடை, கொஞ்சம் வெள்ளைத் தாள், ஐந்து கயிறு, ஒரு சட்டைப் பொத்தான் போதும். அரை மணி நேர வகுப்பில் விளையாட்டுக்கு ஐந்து நிமிடம், மிஞ்சினால் எட்டு. குழந்தை "இன்னும் ஒரு தடவை" என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். அடுத்த வகுப்பில் அதுவே ஓடிவந்து கேட்கும்.

படி 1: கருப்புக் கட்டை வேட்டை

முழு அளவு பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கருப்பு 36. இந்த எண்களைக் குழந்தையிடம் சொல்லாதீர்கள், தேட விடுங்கள். கருப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கூட்டம் சேர்ந்து நிற்பதை மட்டும் காட்டிவிட்டு, "இரட்டைக் கூட்டம் எத்தனை?" என்று கேளுங்கள். ஏழு வரும். மும்மைக் கூட்டமும் ஏழுதான். இடது கோடியில் ஒரே ஒரு கருப்புக் கட்டை தனியாக நிற்கும். அதைக் கண்டுபிடிக்கும் குழந்தைக்கு அன்று தலைகால் புரியாது!

வெள்ளைக் கட்டைகளுக்கு ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள் திரும்பத் திரும்பப் பெயராக வரும். இரட்டைக் கூட்டத்துக்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டைதான் சி. "எல்லா சி-யையும் பிடி" என்றால் எட்டு கிடைக்க வேண்டும், இடமிருந்து நான்காவதுதான் நடுவில் உள்ள மிடில் சி. உங்களிடம் சிறிய கீபோர்டுதான் இருக்கிறதென்றால் எண்ணிக்கை மாறும், விளையாட்டு மாறாது. கட்டைகள் மேல் எழுத்து ஒட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். எழுத்து இருந்தால் கண் அதைத்தான் தேடும், கூட்டங்களைப் பார்க்காது.

படி 2: தரையில் ஸ்டாஃப்

ஸ்டாஃப் என்பது சுரங்களை எழுதும் ஐந்து கோடுகள். ஐந்து கயிறுகளைத் தரையில் ஓரடி இடைவெளியில் நீளவாக்கில் போடுங்கள். குழந்தையின் பாதம் இடைவெளியில் அடங்க வேண்டும், அதுதான் அளவு. ஸ்டாஃபின் தொடக்கத்தில் போடும் ட்ரெபிள் க்ளெஃப் என்ற சுழி அடையாளம் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்கும். அதன்மேல் ஒரு தாளில் ஜி என்று எழுதி வையுங்கள். வேறு எந்தக் கோட்டுக்கும் பெயர் எழுத வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். குழந்தை பள்ளியில் எழுத்தைக் கோட்டின் மேலே உட்கார வைத்து எழுதப் பழகுகிறது. இசையில் "கோட்டில் உள்ள சுரம்" என்றால் கோடு அதன் நடுவே ஊடுருவிப் போகும். கயிற்றை மிதித்து நின்றால் கோடு, கயிறு படாமல் நின்றால் இடைவெளி. காலுக்கு இது உடனே புரிந்துவிடுகிறது.

இப்போது குழந்தை ஜி கயிற்றில் நிற்கட்டும். "ஒரு படி மேலே" என்றால் அடுத்த இடைவெளி, அது ஏ. "ஒன்றைத் தாண்டி மேலே" என்றால் அடுத்த கயிறு, அது பி. மூன்று கட்டளை சொல்லுங்கள். குழந்தை குதித்து முடித்ததும் பியானோவுக்கு ஓடி, குதித்த மூன்று சுரங்களையும் வாசிக்க வேண்டும். இந்த ஓட்டத்தை விட்டுவிட்டால் பாதிப் பயன் போய்விடும், ஏனென்றால் தாளில் மேலே ஏறுவதும் கட்டையில் வலப்பக்கம் நகர்வதும் ஒன்றே என்பது அப்போதுதான் பதிகிறது.

பிறகு ஆளை மாற்றுங்கள். குழந்தை கட்டளை போடட்டும், நீங்கள் குதியுங்கள், வேண்டுமென்றே ஒருமுறை தவறாகக் குதியுங்கள். ஆசிரியரின் தவறைப் பிடிப்பதைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை. ஸ்டிக்கர், மிட்டாய் எதுவும் அதற்கு ஈடாகாது.

கயிறு விரிக்க இடமில்லையா? இடது உள்ளங்கை முகத்தைப் பார்க்க, விரல்கள் வலப்பக்கம் நீள, கையைப் படுக்கையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் கீழ்க்கோடு, கட்டைவிரல் மேல்கோடு. கையையே பாடப் பலகையாக்கும் வழி 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இசை கற்பித்த குய்தோவின் பெயரால் இன்றும் வழங்குகிறது. அவருடைய முறை விரல் கணுக்களில் சுரங்களை வைப்பது, நம்முடையது அதைவிட எளிது.

படி 3: பகடைத் தாளம்

ஆளுக்கு ஒரு தாளில் நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு மெஷர். 1 முதல் 4 வரை, பகடையில் விழும் எண்தான் சுரம் நீளும் எண்ணிக்கை: 1 விழுந்தால் க்வார்ட்டர் நோட், 2 ஹாஃப் நோட், 3 புள்ளி வைத்த ஹாஃப் நோட், 4 ஹோல் நோட். 5 என்றால் இரண்டு எய்த் நோட்கள், சேர்ந்து ஓர் எண்ணிக்கை. 6 என்றால் க்வார்ட்டர் ரெஸ்ட், அதாவது மௌனம், அதுவும் ஓர் எண்ணிக்கை.

விழுந்ததை நான்கில் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எழுதலாம். கட்டம் நிரம்பி வழியக் கூடாது. இடமில்லை என்றால் அந்த முறை போச்சு. இந்த "எந்தக் கட்டத்திலும்" என்ற விதிதான் உயிர். வரிசையாக நிரப்பச் சொன்னால் வெறும் அதிர்ஷ்டம். இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஹோல் நோட்டுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருக்கலாமா என்று குழந்தை யோசிக்கத் தொடங்கும்.

நிரப்பியதோடு ஜெயித்துவிட முடியாது. எழுதிய நான்கு மெஷரையும் வாய்விட்டு எண்ணியபடி கைதட்டிக் காட்ட வேண்டும். ரெஸ்டில் கை சும்மா இருக்க வேண்டும், அங்கேதான் பலரும் மாட்டுவார்கள். வயது வித்தியாசமுள்ள அண்ணன் தங்கை என்றால் போட்டி வேண்டாம், ஒரே தாளைச் சேர்ந்து நிரப்பட்டும்.

படி 4: துப்பறியும் காது

மற்ற மூன்றும் பழகிய பிறகு இது. கட்டைகளின் மேல் பொத்தானை வைத்து நகர்த்துங்கள். கருப்போ வெள்ளையோ, பக்கத்துக் கட்டைக்குப் போனால் அரைப்படி. இரண்டு அரைப்படி ஒரு முழுப்படி. இ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கருப்புக் கட்டை கிடையாது என்பதைக் குழந்தையே தடுக்கி விழுந்து கண்டுபிடிக்கட்டும்.

சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளிலேயே மேலே உள்ள சி வரை போகச் சொல்லி, ஒவ்வொரு தாவலையும் எழுத வையுங்கள்: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. இதுதான் மேஜர் ஸ்கேல் என்ற சுர வரிசை.

இப்போது நீங்கள் ஜி-யில் தொடங்கி வெள்ளையில் மட்டும் வாசியுங்கள். "எங்கேயோ திருடன் இருக்கிறான், கண்டுபிடி." ஏழாவது சுரம் காதில் நெருடும். எழுதிய வரிசையோடு ஒப்பிட்டுப் பொத்தானை நகர்த்தினால் எஃப் அரைப்படி மேலே போய் எஃப் ஷார்ப் ஆக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அடுத்த வகுப்பில் எஃப்-இல் தொடங்குங்கள். இம்முறை திருடன் நான்காவது இடத்தில் இருப்பான், அவனை மேலே ஏற்றக் கூடாது, கீழே இறக்க வேண்டும்.