காக்டெய்ல் கூண்டுக்கு ஏற்ற கம்பைத் தேர்ந்தெடுத்தல்

காக்டெய்ல் என்னும் கொண்டையுள்ள சிறு கிளியை வளர்க்க விரும்புகிறவர்கள் கூண்டின் அளவையும் தீனியின் தரத்தையும் நாலு இடத்தில் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள்; ஆனால் அந்தப் பறவை எதன்மேல் உட்காரப்போகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நாம் நின்று களைத்தால் உட்காருகிறோம், உட்கார்ந்து களைத்தால் படுத்துக்கொள்கிறோம். காக்டெய்லோ பகல் முழுவதும் காலில் நிற்கிறது. இரவிலும் நின்றபடியே, பல நேரம் ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, மற்றொரு காலின் பிடியில் உறங்குகிறது. நன்றாகப் பேணினால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை உயிர்வாழக்கூடிய அதற்கு, கூண்டிலிருக்கும் கம்புதான் தரையும் கட்டிலும்.

இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் காக்டெய்லின் கூண்டில், வாங்கும்போதே இரண்டு பிளாஸ்டிக் கம்புகள் இருந்தன. இரண்டும் ஒரே பருமன், ஒரே வழவழப்பு. ஐந்து மாதம் கழித்து ஒருநாள், அது கூண்டுக் கம்பியைப் பற்றி ஏறும்போது இடது உள்ளங்காலைப் பார்த்தேன். வழக்கமாக நுண்ணிய செதில்களோடு சொரசொரப்பாக இருக்கும் தோல், ஓரிடத்தில் மிளகளவுக்குத் தேய்ந்து, மினுமினுப்பாகச் சிவந்திருந்தது. பாதப்புண்ணின் முதல் அடையாளம் அதுதான். கவனிக்காமல் விட்டால் அந்த இடம் தடித்து, வெடித்து, கிருமி ஏறி, பறவை கால் ஊன்ற முடியாத நிலைக்குப் போய்விடும். உடல் பருமனும், வெறும் விதைத்தீனியால் வரும் வைட்டமின் ஏ குறைபாடும், எச்சம் படிந்த அழுக்கும் இந்தப் புண்ணுக்குக் காரணமாகும் என்றாலும், ஒரே பருமனுள்ள வழுக்கும் கம்பில் பாதத்தின் ஒரே இடம் நாள் முழுக்க அழுந்துவதே எங்கள் பறவைக்குக் கேடாயிற்று என்று மருத்துவர் விளக்கினார். கம்பை மாற்றியபின் ஆறு வாரத்தில் சிவப்பு அடங்கியது.

பருமனை எப்படிக் கணிப்பது என்பதற்கு முதலில் காலைப் பார்க்க வேண்டும். கிளி இனத்தைச் சேர்ந்த காக்டெய்லுக்கு இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாக அமைந்திருக்கின்றன. அது கம்பைப் பற்றும்போது விரல்கள் கம்பின் சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை வளைந்து பிடித்திருக்க வேண்டும். முன்விரலும் பின்விரலும் அடியில் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் கம்பு மெலிது. நகம் உள்ளங்காலையே குத்தும். விரல்கள் விரிந்து மேற்பரப்பிலேயே நின்றுவிட்டால் கம்பு தடிமன். சுமார் 80 முதல் 100 கிராம் எடையுள்ள இந்தப் பறவைக்கு ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை குறுக்களவுள்ள கம்புகள் பொருந்தும். நம் முன்னோர் அளந்த ஒரு விரற்கடை ஏறத்தாழ முக்கால் அங்குலம். பாதிக்கு மேற்பட்ட நேரம் பறவை நிற்கப்போகும் கம்புக்கு அந்தப் பருமனே போதும். வெட்டிய கொப்பின் முனையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தாலும் சரியாக விளங்கும். பத்து ரூபாய் நாணயத்தை எட்டும் தடிமன் வேண்டாம்.

ஆனால் சரியான பருமனில் ஒரே ஒரு கம்பு வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களைக் கடைசலில் தேய்த்து எடுக்கும் நேர்த்தியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உருண்டு திரண்ட வழவழப்பான கம்பே அழகாகத் தோன்றும். விளையாட்டுச் சாமானுக்கு அந்த நேர்த்தி உகந்தது. பறவையின் காலுக்கு அதுவே பகை. ஓரிடத்தில் மெலிந்து, ஓரிடத்தில் தடித்து, கணுவில் முண்டியிருக்கும் இயற்கையான கொப்பில் பறவை இரண்டடி நகர்ந்தாலே பாதத்தின் வேறோர் இடம் எடையைத் தாங்கத் தொடங்கும். அழுத்தம் இப்படி இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் காலுக்கு மருந்து. ஆகவே, கோணலான கொப்பாகவே தேடுங்கள்.

எந்த மரம் என்று கேட்டால், கொய்யாவை முதலில் சொல்வேன். திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளின் புறவாசலில் ஒரு கொய்யா நிற்பது வழக்கம். அதன் கட்டை உறுதியானது, பட்டை மெல்லிய செதிலாக உரிவது. கொப்புகள் தாமாகவே வளைந்து நெளிந்து, நாம் தேடும் பருமனிலேயே கிடைக்கும். எங்கள் வீட்டில் மரம் இல்லாததால் அடுத்த வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். “கூண்டுக்குத்தான, நல்லாப் பாத்து வெட்டிக்கோ ராசா, காய் நிக்க கொப்ப மட்டும் வெட்டிராத” என்றார்கள். காய்த்து ஓய்ந்த கொப்புகளைக் கழித்துவிடும் சமயத்தில் போய்க் கேட்டால் மரத்துக்கும் கேடில்லை.

அடுத்தது வேம்பு. ஆனி, ஆடியில் வேப்பம்பழத்துக்குப் பச்சைக்கிளிகள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாமும் பல் துலக்கிய மரம்தான். கொப்பு நேராக வளர்வதுதான் அதன் ஒரே குறை. கவட்டையோடு கூடிய பகுதியாகப் பார்த்து வெட்டினால் அந்தக் குறையும் தீரும். புளியங்கொப்பு கெட்டியானது, பட்டையின் சொரசொரப்பு காலுக்கு நல்ல பிடிமானம் தரும். முருங்கை பறவைக்குத் தீங்கு செய்யாது என்றாலும் எளிதில் முறியும். கொறித்து விளையாடுவதற்குப் போடலாம், உட்காருவதற்கு நம்ப முடியாது. மூங்கில் வலுவுள்ளது, ஆனால் வழுக்கும்.

தவிர்க்க வேண்டியவற்றில் அரளிக்கு முதலிடம். நாற்கரச் சாலையின் நடுவிலும், பூசைக்குப் பூப்பறிக்க வீட்டு முற்றத்திலும் அது நிற்பதால் கைக்கு எளிதில் எட்டும். கம்பும் பார்ப்பதற்கு வாகாக இருக்கும். அதன் இலை, பட்டை, கட்டை எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. காக்டெய்ல் உட்கார்ந்த இடத்தைக் கொறிக்காமல் இராது என்பதால், அரளிக் கம்பை வைப்பது நஞ்சைத் தீனியாக வைப்பதற்குச் சமம். மஞ்சள் அரளியும் அப்படியே. எருக்கு, கள்ளி, ஆமணக்கு, ஊமத்தை, உண்ணிச் செடி ஆகியவற்றையும் தொட வேண்டாம். சீமைக் கருவேலத்தை முள்ளுக்காக விலக்க வேண்டும். மாங்கொப்பின் பால் பட்டால் நம் தோலே புண்ணாகிவிடுகிறது. ஆகவே அதையும் நான் எடுப்பதில்லை. பெயர் தெரியாத மரம் எத்தனை அழகான கொப்பைக் காட்டினாலும் விட்டுவிடுங்கள். நல்ல மரமேயானாலும், பிசான நெற்பயிருக்கு மருந்தடிக்கும் வயலின் ஓரத்தில் நின்றால் வேண்டாம்.

வெட்டிய கொப்பை அப்படியே கூண்டில் செருகக் கூடாது. புழு துளைத்த ஓட்டையோ, பூசணமோ, காக்கை எச்சமோ இருக்கிறதா என்று பார்த்து, இலைகளையும் கூரிய கிளை முனைகளையும் கழித்து, வெந்நீரில் பிரஷ் வைத்து அழுந்தத் தேய்த்துக் கழுவுங்கள். பட்டையை உரிக்கத் தேவையில்லை. அதைக் கொறிப்பது பறவைக்குப் பொழுதுபோக்கு. வார்னிஷ், பெயிண்ட் எதுவும் பூசக் கூடாது. பிறகு மொட்டை மாடியில் காய வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் விரைவிலேயே கொப்பு கலகலவென்று காய்ந்துவிடும். சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அப்படிக் காயாது. மேலே உலர்ந்தது போலிருந்து உள்ளே ஈரம் நிற்கும். ஈரக்கம்பில் பூசணம் பூக்கும். அந்தப் பூசணத்தூள் பறவையின் மூச்சுப்பையில் நோயை உண்டாக்கும். எனவே கோடையிலேயே ஏழெட்டுக் கம்புகளை வெட்டி உலர்த்தி, துணிப்பையில் கட்டி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கூண்டில் பொருத்துவதற்கு, கம்பின் ஒரு முனையில் துளையிட்டு, துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட்டைத் திருகி, கூண்டுக் கம்பிகளுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக அகலமான வாஷர் கொடுத்து, விங் நட்டால் இறுக்கிவிட வேண்டும். இரண்டு முனையிலும் ரம்பத்தால் பள்ளம் வெட்டி, கூண்டுக் கம்பியில் அமர்த்துவது இன்னும் எளிது. ஜி.ஐ. கம்பியால் சுற்றிக் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அதன்மேல் பூசியிருக்கும் துத்தநாகத்தைப் பறவை சுரண்டித் தின்றால் உடலில் நஞ்சேறும். எப்படிப் பொருத்தினாலும் கையால் ஆட்டிப் பார்த்து, கம்பு உருளாமல் நிற்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காக்டெய்லுக்கு இரவில் திடீரென்று பதறிச் சிறகடிக்கும் இயல்பு உண்டு. சுவரில் பல்லி ஓடினாலே போதும். காலடியில் கம்பும் ஆடினால் அந்தப் பதற்றம் பெருகி, கூண்டில் மோதிச் சிறகை முறித்துக்கொள்ளும். உறங்கும் கம்பு உறுதியாக இருப்பதோடு, அறையில் சிறு விடிவிளக்கு ஒன்றும் எரியட்டும்.

ஒரு பறவை உள்ள கூண்டுக்கு மூன்று அல்லது நான்கு கம்புகள் போதும். எல்லாவற்றிலும் உயரமானதையே அது உறங்கத் தேர்ந்தெடுக்கும். ஆகவே கொய்யாக் கம்பில் மிகச் சிறந்ததை அங்கே வையுங்கள். கொண்டை மேல்கம்பியில் இடிக்காதபடி தலைக்கு மேலே இடம் வேண்டும். கம்புக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாணும் மேலே நாலு விரலும் விட்டால் சரியாக இருக்கும். உடலின் நீளத்தில் பாதி வால் என்பதால், வால் உரசிச் சிதையாதிருக்கப் பக்கச்சுவரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி அமைக்க வேண்டும். ஒரு கம்புக்கு நேர் கீழே மற்றொரு கம்போ தீனிக் கிண்ணமோ தண்ணீர்க் கிண்ணமோ இருந்தால் எச்சம் அதில்தான் விழும். கிண்ணங்களின் மட்டத்தில் ஒரு கம்பு இருக்கட்டும். நடுவில் சிறகு விரிக்க வெளி விட்டுவிடுங்கள். கம்புக் காடாக்கிவிட்டால் பறவை நெரிசலில் தவிக்கும். ஆஸ்திரேலியாவில் காக்டெய்ல் தரையில் இறங்கி விதை பொறுக்கித் தின்னும் பறவை. அதனால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு பலகையையும் தாழ்வாகப் பொருத்தினால் விரல்களை நீட்டிக் கால் ஆற்றிக்கொள்ளும். வயதான பறவைக்கும் காலில் புண்ணுள்ள பறவைக்கும் அந்தப் பலகை மிகவும் உதவும்.

கடைகளில் விற்பவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உப்புத்தாள் சுற்றிய கம்பு நகத்தைத் தேய்க்கும் என்று விற்கிறார்கள். அது தேய்ப்பது உள்ளங்காலைத்தான். சிமெண்டுக் கம்பு ஒன்று வைக்கலாம், அதுவும் தீனிக் கிண்ணத்தருகே. சிறிது நேரம் நின்று போகும் இடமாக இருக்க வேண்டுமே தவிர, உறங்கும் இடமாக ஒருபோதும் ஆகக் கூடாது. பருத்திக் கயிற்றுக் கம்பு காலுக்கு மென்மையானது. ஆனால் நூல் பிரியத் தொடங்கிய அன்றே எடுத்துவிட வேண்டும். பிரிந்த நூல் விரலில் சுற்றி இறுகும். விழுங்கினால் தீனிப்பையில் அடைத்துக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை கம்புகளைக் கழற்றி எச்சத்தைச் சுரண்டி, கழுவி, வெயிலில் காய வையுங்கள்; மாற்றுக் கம்புகள் கைவசம் இருப்பதன் அருமை அப்போது தெரியும். கொறித்துக் கொறித்து மெலிந்ததைத் தூக்கிப் போட்டுவிடலாம். அதே நாளில் உள்ளங்காலையும் பார்த்துவிடுங்கள்; சிவப்போ வீக்கமோ தென்பட்டால், அல்லது கால் மாற்றி மாற்றி நின்றால், கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பகுதிக்கு நல்வாய்ப்பு.

புதிய கம்பைக் கண்டால் காக்டெய்ல் பயந்து ஒதுங்குவது இயல்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதலில் இரண்டு நாள் கூண்டுக்கு வெளியே பக்கத்தில் சாய்த்து வைத்துக் கண்ணுக்குப் பழக்கி, பிறகு உள்ளே பொருத்தி, அதன் ஒரு முனையில் தினைக் கதிர் ஒன்றைச் செருகி வையுங்கள். எங்கள் பறவை முதல் நாள் பழைய பிளாஸ்டிக் கம்பில் நின்றபடியே கழுத்தை நீட்டி எட்டிய தினையை மட்டும் தின்றது. மறுநாள் ஒரு காலை மட்டும் கொய்யாவில் வைத்து, உடனே எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அந்திக்கு விளக்கேற்றப் போனபோது, கணுவுக்கு அருகில் இரண்டு காலையும் ஊன்றி, கொண்டையைத் தளர்த்திப் படியவிட்டு, அலகை மெல்ல அரைத்துக்கொண்டு கண்ணயர்ந்திருந்தது. அன்றிரவே பிளாஸ்டிக் கம்புகள் இரண்டையும் கழற்றிவிட்டேன்.