மோதகத் தட்டு வந்தால்: தாராவி வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களுக்கு

பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினாலே சபைகளில் இந்தக் கேள்வி எழும்: பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா கொடுக்கும் மோதகத்தை விசுவாசி சாப்பிடலாமா? கூட்டத்தில் கைதூக்கச் சொல்லி இதைத் தீர்க்காதீர்கள்.

முதலில் 1 கொரிந்தியர் 8-ஐயும் 10:14-33-ஐயும் சேர்த்து வாசியுங்கள். மொத்தம் 33 வசனங்கள்தான். பவுல் மூன்று இடங்களைத் தனித்தனியாகப் பேசுகிறார். விக்கிரக பூஜையின் பந்தியில் பங்கு கூடாது (10:21). கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம் (10:25). விருந்தில் வைத்ததையும் சாப்பிடலாம். "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால், சொன்னவருக்காக விட்டுவிட வேண்டும் (10:27-28). மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

தட்டு வாசலுக்கு வந்தால் இரு கையாலும் வாங்குங்கள். படைத்ததா என்று நீங்களாகத் துருவ வேண்டாம். அவரே பிரசாதம் என்று சொன்னால், சாப்பிடும் வழக்கமில்லை என்பதை நன்றியோடு அவரிடமே சொல்லிவிடுங்கள். வாங்கிக் குப்பையில் போடுவது எல்லாவற்றிலும் மோசம். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் சாலில் (chawl) அது சாயங்காலத்துக்குள் அவர் கண்ணில் பட்டுவிடும். தட்டை வெறுமையாகத் திருப்பாதீர்கள், இரண்டு வாழைப்பழமாவது வையுங்கள்.

அதிகம் தவறாவது "இடறல்" என்ற சொல்லில். பலவீனமான சகோதரன் உங்களைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு விரோதமாகச் சாப்பிடத் துணிவதே இடறல் (8:10). ஒருவர் முகம் சுளிப்பது இடறல் அல்ல. இதைப் பிரிக்காவிட்டால் கூட்டத்தில் மிகக் கண்டிப்பானவர் சொல்வதே சட்டமாகிவிடும். ஆட்சேபிப்பவரிடம் தனியாகக் கேளுங்கள்: "நான் சாப்பிட்டால் நீங்களும் மனம் உறுத்த உறுத்தச் சாப்பிடுவீர்களா, இல்லை என்மேல் வருத்தப்படுவீர்களா?" முதலாவது என்றால், அவர் முன்னால் தொடவே வேண்டாம்; புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரின் போராட்டம் நிஜமானது. இரண்டாவது என்றால் ரோமர் 14:3-4-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

பெண்கள் கம்மலும் பூவும் போடக்கூடாது என்று சிலர் சொல்லும்போதும், எதற்காக அப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். விருத்தசேதனத்தை (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) கட்டாயமாக்க வந்தவர்களுக்குப் பவுல் இணங்கவில்லை. தன் உடன் ஊழியரான தீத்துவுக்கு அதைச் செய்யவிடவில்லை (கலாத்தியர் 2:3-5). அவரேதான் அவ்விடத்து யூதர்களுக்காகத் இன்னொரு உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு அதைச் செய்வித்தார் (அப்போஸ்தலர் 16:3). கம்மலைக் கழற்றினால்தான் இரட்சிப்பு என்றால் இணங்காதீர்கள். கண்டிப்பான ஒரு பாட்டி வீட்டு ஜெபத்துக்காக ஒரு மாலை கழற்றிவைப்பது அன்பு.

எடுத்த முடிவை நோட்டில் விதியாக எழுதிவைக்க வேண்டாம். அடுத்த சதுர்த்திக்குள் யார் புதிதாக வந்திருக்கிறார்களோ, அவர்களை மனதில் வைத்து மறுபடி பேசுங்கள்.