வேலூருக்குக் குடி வருகிறீர்களா? குழாயிலிருந்து தொடங்குங்கள்

வேலூரில் வீடு பார்க்கப் போனால் ஹாலையும் பால்கனியையும் அப்புறம் பாருங்கள். முதலில் குளியலறைக்குப் போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்து, ஷவரின் ஓட்டைகளில் பாதி அடைத்திருந்தால், அந்த வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. பிறகு வெளியே வந்து பக்கத்து வீட்டில், "அக்கா, இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?" என்று கேளுங்கள். புரோக்கர் வாயிலிருந்து வராதது அந்த ஒரு கேள்விக்கு வந்துவிடும். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாமல் நிற்கும். துணியில் நுரை வராது. கெய்சரின் உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பிச்சுருளில் உப்புப் படிந்து சீக்கிரம் போய்விடும்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளோடு இங்கே வந்து குடித்தனம் தொடங்குகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். நாங்கள் மஸ்கட்டில் 11 வருடம் இருந்துவிட்டு வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்தவர்கள். சொந்த மண்தானே என்ற நினைப்பில் எதையும் விசாரிக்காமல் வந்தோம். பிறந்த ஊராகவே இருந்தாலும், வீடு என்று வரும்போது புது ஊர் மாதிரிதான் விசாரிக்க வேண்டும்.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தச் சாமி, ஜலகண்டேஸ்வரர், 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறும் மலையும்தான் இன்றைக்கும் உங்கள் வீட்டு நிலவரத்தை முடிவு செய்கின்றன. பாலாற்றில் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். 2021 நவம்பரில் அதே ஆற்றில் கரை தொட்டு வெள்ளம் போனது. அதனால் தாழ்வான தெருவில் வீடு என்றால், அந்த மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்ப்பரேஷன் குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. அது தினமும் வராது, தெருவுக்குத் தெரு முறை வேறு. எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதைத் தெரிந்துகொண்டு சம்ப்பின், அதாவது நிலத்தடித் தொட்டியின், கொள்ளளவைக் கணக்குப் பாருங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சிக்கனமாக 500 லிட்டர் என்று வைத்தால், நாலு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடும் தெருவில் 2,000 லிட்டர் சம்ப்பாவது வேண்டும். சம்ப் இரண்டு குடித்தனத்துக்குப் பொது என்றால் அது போதாது.

அடுத்தது வெயில். சுற்றி நிற்பது பாறைக் குன்றுகள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், அந்தப் பாறை குடித்த சூடு ராத்திரியும் இறங்காது. எனவே வீட்டைக் காலையில் போய்ப் பார்க்காதீர்கள். மதியம் மூன்று மணிக்குப் போய்ப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். தோசைக்கல் அளவுக்குச் சுட்டால் அந்த அறையில் இரவு 12 மணி வரை தூக்கம் வராது. மேல் மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கு ஏறி, சூட்டைத் தடுக்கும் தட்டோடு பதித்திருக்கிறதா, இல்லை வெறும் தளம்தானா என்று பார்த்துவிடுங்கள். மேல் மாடிக்கு வாடகை ஆயிரம் இரண்டாயிரம் குறைவு என்றால் காரணம் தலைக்கு மேலேயே இருக்கும். அந்தப் பணம் ஏசிக்கான கரண்ட் பில்லாகப் போய்விடும்.

ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். விஐடி பல்கலைக்கழகமும் காட்பாடி ஜங்ஷனும் வடகரை. சிஎம்சி மருத்துவமனையும் கோட்டையும் பழைய ஊரும் தென்கரை. சிஎம்சியின் மருத்துவக் கல்லூரியும் அதே கரையில், பாகாயத்தில். ஒருவருக்கு வேலை அந்தப் பக்கம், பிள்ளைக்குப் பள்ளி இந்தப் பக்கம் என்றால், கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் தினமும் காலையும் மாலையும் கரையும். நான் வடகரையில் காந்தி நகரையும் தென்கரையில் சத்துவாச்சாரியையும் சொல்வேன். தெரு அகலம், மேலே ஒயர் தாழ்வாகத் தொங்காவிட்டால் லாரி உள்ளே வரும். மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் வீடு கிடைக்கும், ஆனால் அங்கே நோயாளிகளோடு வந்து தங்குகிறவர்கள் அதிகம், வாடகையும் அதற்கேற்றபடி.

வீடு பிடித்துவிட்டால் பேச்சு அட்வான்ஸுக்கு வரும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அது. ஒப்பந்தத்தில் அந்த வரி எப்படி இருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கரண்ட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் பகுதிக்கு, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்தே பிரித்துக் கொடுத்த சப்-மீட்டர் மட்டும் என்றால், அந்தச் சலுகை உங்கள் கைக்கு வருமா என்பது வீட்டுக்காரர் கையில்தான். சாவி வாங்கும் அன்றே மீட்டர் அளவை போனில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

நாள் குறிப்பதில் ஒரு விஷயம். ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள். அதனால் ஆனி கடைசி வாரத்தில் வண்டியும் கிடைக்காது, லோடுமேனும் கிடைக்காது. பள்ளி ஜூனில் திறந்துவிடுவதால் வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடும்பங்கள் இதில் சரியாக மாட்டிக்கொள்ளும். பெரியவர்கள் ஒப்புக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. ஆனியிலேயே நல்ல நாள் பார்த்து, உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் சாமி படமும் கொண்டு போய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். சாமான் ஆடியில் வந்தாலும் பரவாயில்லை.

கப்பலில் எதை அனுப்புவது? மஸ்கட், சிங்கப்பூர், மலேசியா மின்சாரம் இங்கே ஒத்துப்போகும், பிளக் மட்டும் வேறு. மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் மிக்ஸியையும் ஓவனையும் சுமந்து வராதீர்கள். கட்டில், பீரோ, சோபா இங்கேயே வாங்கலாம். புத்தகங்கள், பிள்ளைகள் பழகிய பொருட்கள், நல்ல பாத்திரம் இவற்றுக்கு இடம் கொடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். சுங்கத்தில் கேட்கும்போதும் அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து சாமானை ஏற்றி வந்த நிறுவனம் பெரிய மூடி வைத்த லாரியை அனுப்பியது. தெரு முனையில் தாழ்வாகத் தொங்கிய கேபிள் ஒயர்களுக்குக் கீழே அது நுழையவில்லை. மே மாதம், காலை 11 மணி. மெயின் ரோட்டிலேயே இறக்கி, குட்டி யானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்து நாலு நடை அடித்தோம். லோடுமேன்கள் இரண்டாவது முறை ஏற்றி இறக்கத் தனிக் கூலி கேட்டார்கள், அது நியாயம்தான். வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடித்து வைக்கும் போல்ட்டுகளைப் போடாமலே ஏற்றியிருந்ததால், டிரம் ஆடி ஆடி உடைந்துபோயிருந்தது. சமையல் பெட்டி எல்லாவற்றுக்கும் அடியில். என் மகள் அன்றிரவு பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டுத் தூங்கினாள். இன்று வரை எனக்கு அது மனசில் உறுத்துகிறது.

ஆகவே வண்டி பேசும்போது தெருவின் வீடியோவை அனுப்புங்கள், மேலே போகும் ஒயர்களும் தெரிய வேண்டும். கோடையில் காலை ஆறு மணிக்கே இறக்கச் சொல்லுங்கள். லோடுமேன்களுக்குத் தண்ணீரும் மோரும் தயாராக இருக்கட்டும். கடைசியில் ஏற்றி முதலில் இறக்கும்படி ஒரு பெட்டி கட்டுங்கள். பால் பாத்திரம், இண்டக்ஷன் அடுப்பு, அரிசி, பருப்பு, நாலு தட்டு, பாய், போர்வை, மருந்து, ஸ்குரூ டிரைவர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதில் இருக்கட்டும். கேஸ் இணைப்பு கைக்கு வரச் சில நாள் ஆகும், அதுவரை அந்த இண்டக்ஷன்தான் உங்கள் அடுப்பு. ஃப்ரிட்ஜை இறக்கிய உடனே போடாமல் சில மணி நேரம் நிற்க விடுங்கள்.

ஆவணங்களில் ஒரு சிக்கல் நம் பக்கத்துக்காரர்களுக்கே உரியது. வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்தது. மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-ல் மறுபடி மூன்றானது. உங்கள் பழைய பாஸ்போர்ட்டில் ஆம்பூர், வேலூர் மாவட்டம் என்று இருக்கும், இன்றைக்கு அது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டை மாவட்டம். சான்றிதழுக்கு அலைவதற்கு முன் எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் காய்ச்சிய அன்று இரண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் ஒரு டம்ளர் பால் கொண்டு போய்க் கொடுங்கள். எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு நாங்கள் கொடுத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவர் கேட்டைத் தட்டினார். "தண்ணி விட்டுட்டாங்க, எழுந்து சம்ப் மூடியைத் திறங்கம்மா."